கொடுவாக் குஞ்சுகள் முதல் வாரத்திலேயே சாகின்றன, தாய் மீன் தீனிதான் காரணமா?

கொட்டியாரக்கரை:
வணக்கம். மூதூர்ப் பக்கம் ஒரு சின்னக் கொடுவாக் குஞ்சுப் பண்ணையில் வேலை பார்க்கிறேன். விடுகிற முட்டையில் பாதிக்கு மேல் தொட்டியின் அடியில் தாழ்ந்துவிடுகிறது. மிதப்பவை பொரித்தாலும் குஞ்சுகள் ஒரு வாரம் தாண்டுவதில்லை. விலை ஏறியதால் தாய் மீன் தீனியில் மீன் எண்ணெய்க்குப் பதில் சோயா எண்ணெய் சேர்க்கிறோம். திலாப்பியாவுக்கும் அதைத்தான் கொடுத்தோம், ஒரு குறையும் வரவில்லை. காரணம் அதுவாக இருக்குமா?

சீனக்குடா அக்கா:
எனக்கும் அந்த எண்ணெயில்தான் சந்தேகம் தம்பி. சோயாவில் இருக்கும் லினோலெனிக் அமிலம் என்ற கொழுப்பைத் திலாப்பியா ஓரளவு டிஹெச்ஏ ஆக, அதாவது மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பாக, மாற்றிக்கொள்ளும். கொடுவாவுக்கு அந்த வல்லமை மிகக் குறைவு, வாய் வழியாகப் போனால்தான் உண்டு. தாய் தின்ற கொழுப்புத்தான் முட்டைக் கருவில் சேர்கிறது. வாய் திறக்கும்வரை குஞ்சுக்கு அதுவே கட்டுச்சோறு. விழித்திரையும் மூளையும் உருவாக டிஹெச்ஏ நிறைய வேண்டும். பார்வை சரியில்லாத குஞ்சு, பக்கத்தில் இரை இருந்தும் பிடிக்கத் தெரியாமல் பட்டினியில் போய்விடும். பாவம்.

அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பும் முக்கியம். முட்டை சூலகத்திலிருந்து கழன்று வர உதவும் புரோஸ்டாகிளாண்டின் என்ற ஹார்மோன் போன்ற பொருள் அதிலிருந்துதான் உண்டாகிறது.

முட்டையை நுண்நோக்கியில் வைத்துப் பாருங்கள். நல்ல கொடுவா முட்டை முக்கால் மில்லிமீட்டர் அளவில், தெளிவாக, உள்ளே ஒற்றை எண்ணெய்த் துளியோடு இருக்கும். துளி பல துண்டாகச் சிதறியிருந்தால் அந்தத் தொகுதியை நம்ப வேண்டாம்.

சூடையும் கணவாயும் நம் கடலில் கிடைக்கிறதே, அன்றன்று வந்ததை வாங்கிப் போடுங்கள். காறல் வாடை வந்த மீன் வேண்டவே வேண்டாம். காற்றுப்பட்டு முதலில் கெடுவது நமக்கு வேண்டிய அந்தக் கொழுப்புத்தான். தீனியில் விட்டமின் ஈ சேர்த்தால் அந்தக் கேடு குறையும்.

உப்புவெளி:
அக்கா சொன்னது சரி. ஆனால் குஞ்சுக்கு முதல் இரையாகப் போடும் நுண்ணுயிரான ரோட்டிஃபரை எதில் வளர்க்கிறீர்கள்? வெறும் ஈஸ்ட் என்றால் அதில் டிஹெச்ஏ இராது. குஞ்சுக்குப் போடும் முன் சில மணி நேரம் நீரில் கலக்கி அடித்த மீன் எண்ணெயிலோ ஐசோகிரைசிஸ் பாசியிலோ விட்டு, உடனே கொடுங்கள். அடுத்த இரையான ஆர்டீமியா என்ற சின்ன உப்புநீர் இறாலுக்கும் அப்படியே. அது ஏற்றிய டிஹெச்ஏயைத் தானே இபிஏ என்ற வேறொரு கொழுப்பாக மாற்றிவிடும், எடுத்து வைத்துக் கொடுத்தால் பயனில்லை.

கொட்டியாரக்கரை:
ஈஸ்ட்தான் போடுகிறோம்! எல்லாம் மாற்றினால் எப்போது பலன் தெரியும்?

சீனக்குடா அக்கா:
ரோட்டிஃபர் மாற்றம் அடுத்த தொகுதிக் குஞ்சிலேயே தெரியலாம். தாய் மீனில் அவசரப்படாதீர்கள் தம்பி, இப்போது வயிற்றில் இருக்கிற கரு பழைய தீனியில் விளைந்தது.