தோற்றத்தைக் காட்டி ஒதுக்கும்போது நாம் ஏன் வாயடைத்துப் போகிறோம்?

கேள்வி:
என் இடது கன்னம் முழுவதும் பிறவியிலேயே வந்த கருஞ்சிவப்புப் படை ஒன்று உண்டு. அண்மையில் ஒரு நேர்காணலில், என் தகுதிகளைப் பாராட்டிய பிறகு, "வாடிக்கையாளர்களை நேரில் சந்திக்கும் பணி இது, உங்களுக்குச் சரிவராது" என்றார்கள். நான் நன்றி கூறிவிட்டு எழுந்து வந்தேன். அவர்கள் சொன்னதைவிட நான் நன்றி கூறியதே இன்றுவரை உறுத்துகிறது. முகத்தில் தீக்காயத் தழும்புள்ள என் தோழியாக இருந்தால், அங்கேயே காரணம் கேட்டிருப்பாள். அவளால் முடிவது என்னால் ஏன் முடியவில்லை? ஒருவேளை, இல்லாத அவமதிப்பை நானாகவே கற்பித்துக்கொள்கிறேனா?

மறுமொழி 1:
உங்கள் கடைசி ஐயத்துக்குத் தொடர்புடைய ஆய்வு ஒன்றை ராபர்ட் கிளெக், ஏஞ்சலோ ஸ்ட்ரென்டா ஆகிய உளவியலாளர்கள் 1980இல் வெளியிட்டார்கள். பங்கேற்றவர்களின் முகத்தில் ஒப்பனையால் தழும்பு ஒன்றை வரைந்து, கண்ணாடியில் காட்டிய பின், அது காயாமலிருக்க ஈரப்பசை தடவுவதாகச் சொல்லி, அவர்கள் அறியாமலே அதை அழித்துவிட்டார்கள். வெறும் முகத்தோடு பிறரிடம் பேசித் திரும்பியவர்கள், எதிரிலிருந்தவர் தம் தழும்பைக் கண்டு இறுக்கமடைந்ததாகக் கூறினார்கள். நம்மைப் பற்றி நாம் கொண்டிருக்கும் எண்ணம் பிறர் பார்வைக்குப் பொருள் கற்பிக்கிறது என்பதை மறுக்க முடியாது.

மறுமொழி 2:
அந்த ஆய்வை இங்கே பொருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. அது பார்வையையும் முகக்குறிப்பையும் பற்றியது; உங்களிடமோ வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஐயத்தை முதலில் கைவிடுங்கள்.

உளவியலாளர்களான ஜெனிஃபர் குரோக்கரும் பிரெண்டா மேஜரும் 1989இல் முன்வைத்த கருத்தின்படி, புறக்கணிப்புக்குக் காரணம் எதிராளியின் முன்முடிவே என்று உணர்பவரின் தன்மதிப்பு பெரும்பாலும் காக்கப்படுகிறது. ஆனால் 1993இல் அவர்கள் இன்னொருவருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், உடல் பருமனான பெண்கள், ஓர் ஆண் தம்மை விரும்பாததற்குத் தம் எடையே காரணம் என்று கருதியபோதும், அவரைக் குறை கூறவில்லை, மனம்தான் சோர்ந்தார்கள். பாகுபாட்டை அறிந்துகொள்வது வேறு, அதை அநீதி என்று ஏற்பது வேறு. இடையில் நிற்பது, "இப்படி இருப்பது என் குறைதானே" என்று உள்ளுக்குள் ஊறிப்போன நம்பிக்கை. உங்கள் தோழிக்குத் துணிச்சல் கூடுதல் என்பதைவிட, தழும்பைத் தன் குற்றமாக அவள் எண்ணவில்லை என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. நீங்கள் நன்றி சொன்னதும் கோழைத்தனமன்று. சிறுவயது முதல் கேட்டுவந்த சொற்கள் அந்த நேரத்தில் உங்கள் வாயில் பேசியிருக்கின்றன.

மறுமொழி 3:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பிரான்சில் 2001 முதல், உடல் தோற்றத்தைக் காரணம் காட்டி வேலை மறுப்பதைச் சட்டம் தடை செய்கிறது. தன்னம்பிக்கை உள்ளவர்தான் நியாயம் கேட்கலாம் என்ற நிலை கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். மனம் தேறும்வரை உரிமை காத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர்:
"குறை" என்ற சொல்லைப் படித்ததும் நெடுநேரம் அழுதேன். என் படையைப் பற்றி வீட்டில் வழங்கிய சொல்லும் அதுவே. நிராகரித்த காரணத்தை எழுத்தில் தருமாறு கேட்டு இன்று கடிதம் அனுப்பியிருக்கிறேன். அதில் நன்றி என்ற சொல்லை எழுதவில்லை.