புதுப்பிப்பு: அந்த மலைக்கு ஒரே நாளில் போய்வந்தோம்

கல்யாணத்துக்கு முன் நாங்கள் முதன்முதலாகச் சேர்ந்து போன மலைக்கு, குளிர்காலத்தில் காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்ப முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடியும். போய்வந்துவிட்டோம்.

"சூரிய அஸ்தமன நேரத்தை நம்பாதீர்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தது மிகச் சரி. கைபேசி காட்டுவது சமதளத்துக்கான நேரம். பள்ளத்தாக்கில் சூரியன் வெகு முன்பே முகட்டுக்குப் பின்னால் போய்விடுகிறது, உடனே குளிர் கடிக்கிறது.

1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது கணக்கு. காலையில் எங்களுக்கு நடந்ததோ நேர்மாறு. அடிவாரத்தில் மூடுபனி, நடுக்கம். மேலே இதமான வெயில். காற்றில்லாத தெளிந்த இரவில் குளிர்ந்த, கனமான காற்று கீழே இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடுவதால் இப்படி ஆகுமாம். என் கணவருக்கு இதில் ஒரே பெருமை, ஏதோ தானே ஏற்பாடு செய்தது போல!

அப்புறம், பழைய படத்தில் நாங்கள் சாய்ந்து நின்ற பாறை. அவர் ஒன்றைக் காட்டினார், நான் வேறொன்றைச் சொன்னேன். சண்டை தீராமல் இரண்டிலும் நின்று படமெடுக்கப் போனால், குளிரில் கைபேசி அணைந்துவிட்டது. சட்டைக்குள் வைத்துச் சூடேற்றியதும் மறுபடி இயங்கியது. எந்தப் பாறை என்பது இன்னும் முடிவாகவில்லை.

நிழல் விழும் வளைவுகளும் பாலங்களும் முதலில் உறையும் என்பதால் வெளிச்சத்திலேயே இறங்கிவிட்டோம்.

சன்ஸ்கிரீன் தேவையா என்று கேட்டவருக்கு: கட்டாயம். புதிதாகப் பெய்த வெண்பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். என் கணவர் பூச மறுத்தார். மூக்கு இப்போது தோலுரிகிறது.