__ஏவிஎக்ஸ்2__ மேக்ரோவைச் சோதித்த பிறகும் பழைய கணினியில் நிரல் நின்றுவிடுவது ஏன்?

கேள்வி

படங்களின் அளவைக் குறைக்கும் சிறிய சி++ நிரல் ஒன்றை எழுதியுள்ளேன். ஏவிஎக்ஸ்2 என்பது ஒரே கட்டளையில் பல எண்களைக் கையாளும் ப்ராசசர் கட்டளைத் தொகுப்பு. __ஏவிஎக்ஸ்2__ மேக்ரோ இருந்தால் 256 பிட் வெக்டர் வழியும், இல்லையெனில் சாதாரண வழியும் தேர்வாகும்படி #இஃப்டெஃப் வைத்திருந்தேன். என் கணினியில் ஜிசிசி கம்பைலருக்கு -மார்ச்=நேட்டிவ் (தொகுக்கும் கணினியின் ப்ராசசருக்கு ஏற்பத் தொகு) என்ற ஃபிளாக்கைக் கொடுத்துத் தொகுத்தபோது எந்தக் குறையும் இல்லை. அதே பைனரியை 2012-ஆம் ஆண்டின் ஐவி பிரிட்ஜ் ப்ராசசர் உள்ள கணினியில் ஓட்டியபோது, ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று ஒரே ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றுவிட்டது. மேக்ரோவைச் சோதித்த பிறகுதானே வெக்டர் வழிக்குள் நுழைகிறது?

முதல் மறுமொழி

அந்தச் சோதனை உங்கள் கணினியில், தொகுக்கும் வேளையிலேயே முடிந்துவிட்டது. மேக்ரோக்களைக் கையாளும் முதல் கட்டமான ப்ரீப்ராசசர் சாதாரண வழியை நீக்கிவிட்ட பிறகே கம்பைலர் மூலநிரலைப் பார்க்கிறது. ஆகவே நீங்கள் எடுத்துச் சென்ற பைனரியில் தேர்ந்தெடுப்பதற்கு இரண்டாவது வழியே இல்லை. அந்த மேக்ரோ, எந்தக் கட்டளைகளைப் பயன்படுத்தலாம் என்று நீங்கள் கம்பைலருக்குக் கொடுத்த அனுமதியை மட்டுமே காட்டுகிறது. நிரல் நாளை எந்த ப்ராசசரில் ஓடும் என்பது அதற்குத் தெரியாது. ஏவிஎக்ஸ்2 இல்லாத கணினியிலும் -எம்ஏவிஎக்ஸ்2 என்று கொடுத்தால் அது வரையறுக்கப்பட்டுவிடும்.

ஐவி பிரிட்ஜில் ஏவிஎக்ஸ் உண்டு. ஏவிஎக்ஸ்2 வந்தது 2013-இல் ஹாஸ்வெல்லுடன்தான். தலைமுறைப் பெயரையும் நம்பிவிட வேண்டாம்: ஹாஸ்வெல் காலத்துப் பென்டியம், செலரான் ப்ராசசர்களில் ஏவிஎக்ஸே கிடையாது.

எந்த ஃபிளாக் எதை வரையறுக்கிறது என்பதை ஜிசிசி-க்கு -டிஎம் -இ என்று கொடுத்து நீங்களே பார்க்கலாம். -எம்ஏவிஎக்ஸ்2 மட்டும் கொடுத்தால் __எஃப்எம்ஏ__ (பெருக்கலையும் கூட்டலையும் ஒன்றாகச் செய்யும் கட்டளைகளுக்கான மேக்ரோ) வராது; -மார்ச்=ஹாஸ்வெல் கொடுத்தால் இரண்டும் வரும்.

உங்களுக்குத் தேவை, நிரல் ஓடும்போது நடக்கும் சோதனை. பொதுவான ஃபிளாக்குகளுடன் தொகுத்து, வெக்டர் ஃபங்ஷனுக்கு மட்டும் ஏவிஎக்ஸ்2-ஐ அனுமதிக்கும் டார்கெட் என்ற அட்ரிபியூட்டைச் சேர்த்து, அதை அழைக்கும் முன் __பில்டின்_சிபியு_சப்போர்ட்ஸ் மூலம் கேளுங்கள். ப்ராசசரின் வசதிகளைச் சொல்லும் சிபியுஐடி கட்டளையைக் கொண்டு நீங்களே சோதிப்பதானால், 256 பிட் ரெஜிஸ்டர்களை இயங்குதளம் சேமித்துக் காக்கிறதா என்பதையும் எக்ஸ்கெட்பிவி கட்டளை மூலம் பார்த்தாக வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

இரண்டாம் மறுமொழி

வெக்டர் வழியைத் தனிக் கோப்பில் வைத்து, அதற்கு மட்டும் -எம்ஏவிஎக்ஸ்2 கொடுக்கும் பழக்கமும் உண்டு. அதில் ஒரு பொறி இருக்கிறது. அந்தக் கோப்பு ஹெடரிலிருந்து எடுக்கும் இன்லைன் ஃபங்ஷன்களும் டெம்ப்ளேட்டுகளும், அழைத்த இடத்திலேயே கரைந்துவிடாமல் தனியே தொகுக்கப்பட்டால், ஏவிஎக்ஸ்2 கட்டளைகளுடனேயே தொகுக்கப்படும்; வேறு கோப்புகளிலும் அவற்றின் பிரதிகள் இருப்பதால் தொகுத்த கோப்புகளை இணைக்கும் லிங்க்கர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும். அது வைத்துக்கொண்டது ஏவிஎக்ஸ்2 பிரதியாக இருந்துவிட்டால், நீங்கள் கவனமாகச் சோதித்திருந்தாலும், வெக்டர் வழிக்குத் தொடர்பே இல்லாத ஓரிடத்தில் பழைய கணினி விழும். அந்தக் கோப்பில் சி++ ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் ஹெடர்களை இயன்றவரை சேர்க்காதீர்கள்.

மூன்றாம் மறுமொழி

விண்டோஸுக்கும் தொகுப்பதாக இருந்தால்: மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் /ஆர்ச்:ஏவிஎக்ஸ்2 கொடுத்தால் __ஏவிஎக்ஸ்2__ வரும், __எஃப்எம்ஏ__ வராது. ஃபிளாக் இல்லாமல் வெக்டர் இன்ட்ரின்சிக்கை (ப்ராசசர் கட்டளையாக மாறும் ஃபங்ஷனை) அழைத்தால் ஜிசிசி பிழை காட்டும், மைக்ரோசாஃப்ட் கம்பைலரோ மறுப்பின்றித் தொகுத்துக் கொடுத்துவிடும்.

கேள்வி கேட்டவர்

நன்றி. முதலில் தனிக் கோப்பு முறையையே முயன்றேன். நிரல் மீண்டும் விழுந்தது. பைனரியிலுள்ள கட்டளைகளைக் காட்டும் ஆப்ஜ்டம்ப் கொண்டு பார்த்தபோது, முழு எண்களின் எஸ்டிடி::வெக்டரை நிரப்பும் ஃபங்ஷனுக்குள் விபிபிராட்காஸ்ட்டி என்ற ஏவிஎக்ஸ்2 கட்டளை இருந்தது. இப்போது டார்கெட் அட்ரிபியூட்டுக்கு மாறிவிட்டேன். ஐவி பிரிட்ஜில் சாதாரண வழியே ஓடுகிறது.