வந்திருக்க வேண்டிய படகு: 'மஸ்ட் ஹேவ்'வா, 'ஷுட் ஹேவ்'வா?

மண்டபம் டியூஷன் டீச்சர்

நேற்று நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன். என்னிடம் படிக்கும் கல்லூரிப் பெண் ஒருத்தி, அவள் அப்பாவின் நாட்டுப்படகு உடைந்ததற்காக ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதியிருக்கிறாள். நடுக்கடலில் என்ஜின் நின்றுவிட்டது. அப்பாவும் கூட இருந்தவர்களும் வேறு படகில் ஏறிக் கரைக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் படகை இன்னொரு படகில் கட்டி செவ்வாய்க்கிழமை காலை இழுத்து வருவதாக ஏற்பாடு. கச்சான் காற்றில் கயிறு அறுந்து, வியாழக்கிழமை பார்மேல், அதாவது கடலுக்குள் இருக்கிற பாறைத்திட்டின் மேல், உடைந்து கிடந்தது.

அவள் எழுதிய வாக்கியம் இது: 'தி போட், விச் மஸ்ட் ஹேவ் ரீச்ட் மண்டபம் ஆன் டியூஸ்டே, வாஸ் ஃபவுண்ட் புரோக்கன் ஆன் தர்ஸ்டே.'

கம்பெனியிலிருந்து கடிதம் திரும்பி வந்தது. செவ்வாய்க்கிழமை மண்டபம் வந்து சேர்ந்த படகு மறுபடி எப்போது கடலுக்குப் போனது, யார் ஓட்டிப் போனார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே வந்தாள். ஒரே ஒரு சொல். 'மஸ்ட்' இருந்த இடத்தில் 'ஷுட்' இருந்திருந்தால் கேள்வியே வந்திருக்காது.

பள்ளிக்கூடத்தில் ஷுட், குட், மஸ்ட், மைட் எல்லாவற்றையும் கட்டம் போட்டு, தனி வாக்கியத்தில்தான் சொல்லித் தருகிறோம். 'ஹூ', 'விச்'சுக்குப் பின்னால் அவை வரும்போது என்ன ஆகும் என்று யாரும் தொடுவதில்லை. நான் இனிமேல் தமிழ்ப் பெயரெச்சத்தை வைத்தே நடத்தலாம் என்று நினைக்கிறேன். 'வந்திருக்க வேண்டிய படகு' என்றால் ஷுட் ஹேவ். 'வந்திருக்கக்கூடிய படகு' என்றால் குட் ஹேவ். பிள்ளைகள் வாயிலேயே இருக்கிற தமிழ்தானே. உங்கள் கருத்து என்ன?

கீழக்கரை காக்கா

டீச்சர், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். துபாயில் கப்பல் சரக்கு ஆபீசில் 20 வருஷம் இப்படிப்பட்ட கடிதங்களைப் படிப்பதுதான் என் வேலை. அந்தப் பிள்ளையைக் கவிழ்த்ததே தமிழ்தான். 'பஸ் வந்திருக்க வேண்டும், இன்னும் காணோமே' என்கிறோம். 'பஸ் வந்திருக்க வேண்டும், ஸ்டாண்டில் கூட்டம் குறைந்துவிட்டதே' என்றும் சொல்கிறோம். முதல் பஸ் வரவில்லை, இரண்டாவது வந்துவிட்டது. தமிழில் இரண்டுக்கும் ஒரே வினை. ஆங்கிலத்தில் முதலாவது ஷுட் ஹேவ், இரண்டாவது மஸ்ட் ஹேவ். 'வேண்டும்' என்றால் மஸ்ட் என்று சின்ன வகுப்பில் மனப்பாடம் செய்தது அப்படியே கடிதத்தில் வந்து விழுந்திருக்கிறது. நோய்க்குக் காரணமான தண்ணீரையே மருந்து என்று கொடுக்காதீர்கள்.

என் யோசனை நேரானது. இரண்டு வாக்கியமாக உடைத்து எழுதச் சொல்லுங்கள். படகு செவ்வாய்க்கிழமை வர வேண்டியது, முற்றுப்புள்ளி. வரவில்லை, முற்றுப்புள்ளி. ஆபீஸ் கடிதத்துக்கு 'விச்' எதற்கு?

மண்டபம் டியூஷன் டீச்சர்

காக்கா, நீங்கள் சொன்ன பஸ்ஸையே எடுத்துக்கொள்கிறேன். அதைப் பெயரெச்சமாக்கிப் பாருங்கள். 'வந்திருக்க வேண்டிய பஸ்'. இப்போது பஸ் வந்ததா, வரவில்லையா? வரவில்லை என்றுதான் யார் காதிலும் விழும். முற்றுவினையில் இருக்கிற இரட்டை அர்த்தம் பெயரெச்சத்தில் தங்குவதில்லை. அந்தப் பிள்ளை 'வந்திருக்க வேண்டும்' என்று நினைத்து மொழிபெயர்த்ததால் தவறினாள். 'வந்திருக்க வேண்டிய படகு' என்று நினைத்திருந்தால் தவறியிருக்க மாட்டாள். அதனால்தான் பெயரெச்சத்திலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

இரண்டு வாக்கியமாக உடைப்பதிலும் ஒரு ஆபத்து உண்டு. போன தடைக்காலத்தில் ஒரு பையனிடம், அவன் மடியில் கிடந்த வலையைக் காட்டி ஒரு வாக்கியம் கேட்டேன். மீன்பிடித் தடை 61 நாளும் அவன் வீட்டில் எல்லோர் கையிலும் வலை ஊசிதான். அவன் எழுதியது: 'திஸ் இஸ் தி நெட் விச் ஐ ஷுட் ஹேவ் மெண்டெட் இட் எஸ்டர்டே.' கடைசியில் ஒரு 'இட்' ஒட்டிக்கொண்டிருக்கிறது, பாருங்கள். 'இது வலை. அதை நான் நேற்றே தைத்திருக்க வேண்டும்' என்று இரண்டாக நினைத்து ஒட்டவைத்ததால் வந்த 'அதை' அது. 'நான் நேற்றே தைத்திருக்க வேண்டிய வலை' என்று தமிழில் சொல்லும்போது 'அதை' வருகிறதா? வராது. தமிழ் விடுகிற அதே இடத்தில்தான் ஆங்கிலமும் விடுகிறது.

கீழக்கரை காக்கா

'இட்' விஷயம் சரி, அதை ஏற்றுக்கொள்கிறேன். அப்புறம் ஒன்று கேட்கிறேன். படகை இழுத்து வந்தபோது கயிறு அறுந்தது என்றீர்கள். தானாக அறுந்ததா, யாராவது அறுத்தார்களா என்று சந்தேகம் என்று வைத்துக்கொள்வோம். 'தி மேன் ஹூ மஸ்ட் ஹேவ் கட் தி ரோப்'. இதை உங்கள் பெயரெச்சத்தில் சொல்லிக் காட்டுங்கள். 'கயிற்றை அறுத்திருக்க வேண்டிய ஆள்' என்றால் அறுப்பது அவன் கடமை என்று ஆகிவிடும். 'அறுத்திருக்கும் ஆள்' என்றால் அறுத்தது முடிவான செய்தி ஆகிவிடும். எங்கே உங்கள் மஸ்ட்? பாலம் பாதியில் நிற்கிறதே.

பாம்பன் தம்பி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறேன். மாதிரித் தேர்வில் இப்படி ஒரு கோடிட்ட இடம் வந்து ரொம்ப நேரம் குழம்பினேன், அதனால் எங்கள் ஊர்க் கதையை வைத்தே யோசித்துப் பார்த்தேன். 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பயணிகள் ரயில். புயலில் அலை அடித்துப் போனது. அதில் இருந்த யாரும் பிழைக்கவில்லை. அதை 'தி டிரெயின் தட் ஷுட் ஹேவ் ரீச்ட் தனுஷ்கோடி' என்று எழுதினால் சரி. 'மஸ்ட் ஹேவ் ரீச்ட்' என்றால் போய்ச் சேர்ந்திருக்கும் என்று ஆகிவிடுகிறது. அந்தக் குடும்பங்களிடம் அப்படி ஒரு வாக்கியத்தைக் காட்ட முடியுமா?

எனக்கு இடிக்கிறது 'மைட்'. 'தி பாசஞ்சர்ஸ் ஹூ மைட் ஹேவ் சர்வைவ்ட்' என்றால் ஒருவேளை பிழைத்திருப்பார்கள் என்றும் படிக்கலாம், பிழைத்திருக்கலாம் ஆனால் பிழைக்கவில்லை என்றும் படிக்கலாம். 'மே ஹேவ்' என்று போட்டால் நமக்கு இன்னும் தெரியாது என்கிற ஒரே அர்த்தம்தான் வருகிறது. நான் புரிந்துகொண்டது சரியா?

மண்டபம் டியூஷன் டீச்சர்

சரிதான் தம்பி. நடக்கவில்லை என்று உனக்கு உறுதியாகத் தெரிந்தால் 'குட் ஹேவ்' எழுது, பெரும்பாலும் குழப்பம் வராது. உங்கள் பாம்பன் பாலமே உதாரணம். அந்தப் புயலில் சிதைந்த பாலத்தைச் சரிசெய்ய 6 மாதம் என்று ரயில்வே கணக்குப் போட்டது. ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் முடித்துக் காட்டினார். 'தி ரிப்பேர் தட் குட் ஹேவ் டேக்கன் சிக்ஸ் மந்த்ஸ்'. ஆறு மாதம் ஆகவில்லை என்பது அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது.

இன்னொன்றையும் பிரித்து வைத்துக்கொள். 'இறங்க வேண்டியிருந்த பயணி' வேறு, 'இறங்கியிருக்க வேண்டிய பயணி' வேறு. முதல் ஆள் இறங்கிவிட்டார், ஆங்கிலத்தில் 'ஹேட் டு'. இரண்டாவது ஆள் இறங்கவில்லை, 'ஷுட் ஹேவ்'. 'இரு' எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தாலே போதும். இதற்குமேல் தெளிவாக எந்த இலக்கணப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

காக்கா, உங்கள் கயிற்றுக் கேள்விக்கு ராத்திரி முழுக்க யோசித்தேன். நீங்கள் சொல்வது உண்மை. ஊகத்தைச் சொல்கிற மஸ்டுக்கு ஒரே சொல்லில் பெயரெச்சம் இல்லை. 'கயிற்றை அறுத்திருப்பான் என்று நாம் நினைக்கிற ஆள்' என்று நீட்டித்தான் சொல்ல முடிகிறது. ஆனால் அந்த நீட்டலையே பாடமாக வைத்துக்கொள்கிறேன். தமிழில் சொல்லிப் பார்க்கும்போது 'என்று நினைக்கிற' தேவைப்பட்டால் மஸ்ட் ஹேவ். தேவைப்படாமல் 'வேண்டிய' என்றே முடிந்தால் ஷுட் ஹேவ். பாலம் பாதியில் நிற்கவில்லை, கொஞ்சம் சுற்றிப் போகிறது.

கீழக்கரை காக்கா

சுற்றிப் போகிறது என்பதுதான் என் கவலை டீச்சர். வகுப்பில் உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்கும். படகு உடைந்த வீட்டில், அப்பா பக்கத்தில் நின்று 'எழுதும்மா, எழுதும்மா' என்று சொல்லும்போது அந்தப் பிள்ளை பெயரெச்சம் போட்டுப் பார்ப்பாளா? ஆங்கில வாக்கியத்தையே பத்து இருபது தரம் வாய்விட்டுப் படிக்கவைத்தால் நாக்கில் நின்றுவிடும். போனில் வீடியோ பார்த்து, 'ஹேவ்'வுக்குப் பதில் 'ஆஃப்' போட்டு 'ஷுட் ஆஃப்' என்று எழுதுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். 'ஷுடவ்' என்று காதில் விழுகிறது, அதை அப்படியே எழுதுகிறார்கள். அதைத் தமிழ்ப் பெயரெச்சம் திருத்தாது. எழுதிய ஆங்கிலத்தைக் கண்ணால் பார்த்தால்தான் திருந்தும்.

மண்டபம் டியூஷன் டீச்சர்

வாய்விட்டுப் படிக்கவைக்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, காக்கா. எதைப் படிக்கிறோம் என்று தெரிந்து படிக்கட்டும் என்கிறேன். அர்த்தம் தெரியாமல் நாக்கில் நின்றதுதானே அந்த 'மஸ்ட்'டும்.

கடிதத்தை இன்று மறுபடி எழுதினோம். நான் சொல்லித்தரவில்லை, அவளே தமிழில் சொல்லிப் பார்த்து எழுதினாள்: 'தி போட் விச் ஷுட் ஹேவ் ரீச்ட் மண்டபம் ஆன் டியூஸ்டே மார்னிங் டிட் நாட் அரைவ். தி ரோப் புரோக். இட் வாஸ் ஃபவுண்ட் ஆன் தர்ஸ்டே.' பாருங்கள், உங்கள் முற்றுப்புள்ளியும் இருக்கிறது.

கீழக்கரை காக்கா

நன்றாக இருக்கிறது. இரண்டே திருத்தம். அவள் அப்பாவுக்கு ஒரே படகுதானே? அப்படியானால் 'போட்'டுக்குப் பின்னால் ஒரு கமா, 'டியூஸ்டே மார்னிங்'குக்குப் பின்னால் ஒரு கமா. கமா இல்லாவிட்டால், அவரிடம் நாலைந்து படகு இருக்கிறது, அதில் செவ்வாய்க்கிழமை வர வேண்டியது எது என்று பிரித்துக் காட்டுவதுபோல் படிக்க இடமிருக்கிறது. இன்சூரன்ஸ்காரர்கள் அதையும் பிடித்துக்கொள்வார்கள். முதல் கடிதத்தில் கமா சரியாகத்தான் போட்டிருந்தாள். கடைசி வரியில் 'இட்' என்றால் கயிறா, படகா? 'தி போட்' என்றே எழுதச் சொல்லுங்கள். தபாலில் போடுவதற்கு முன் பாப்பாவை ஒருதரம் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

மண்டபம் டியூஷன் டீச்சர்

போட்டாயிற்று, இரண்டு கமாவும். 'இட்'டையும் மாற்றியாயிற்று. உரக்கப் படித்தாள், அவள் அப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாளைக் காலை முதல் தபாலில் போகிறது.