கொடுத்து முடித்த உதவியில் பிடி எங்கே இருக்கிறது?

கரூர்க்காரி:
வெளிநாட்டு உதவி ஒரு ராஜதந்திரக் கருவி என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அது எப்படி என்றுதான் புரியவில்லை. பிஎல்-480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டத்தின் கீழ் அமெரிக்கா நமக்குக் கோதுமை தந்தது, விலையை ரூபாயாகவே வாங்கிக்கொண்டது, அப்படிச் சேர்ந்த பணத்திலும் 1,664 கோடியை 1974-இல் ஒரே காசோலையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டது. சாப்பிட்ட கோதுமையைத் திரும்பப் பிடுங்க முடியாதே, அப்புறம் எதை வைத்து மிரட்டுவது?

பழையபேப்பர்:
அடுத்து வரவேண்டிய கப்பலை வைத்துத்தாங்க. 1960-இல் போட்டது நான்கு வருட ஒப்பந்தம், 1.6 கோடி டன் கோதுமை. அதன் காலம் முடிந்த பிறகு, 1965-இல் அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் நீண்டகால ஒப்பந்தம் போட மறுத்துவிட்டார். சில மாதங்களுக்குத் தேவையான அளவு மட்டும், அதையும் அவரே பார்த்து அனுமதித்தால்தான் கப்பல் கிளம்பும். அந்த நேரம் பார்த்து இங்கே இரண்டு வருடம் தொடர்ந்து மழை பொய்த்தது, துறைமுகத்தில் இறங்கும் மூட்டை நேராக ரேஷன் கடைக்குப் போகிற நிலைமை. 1966 ஜூலையில் மாஸ்கோ போன இந்திரா, வியட்நாமில் குண்டு போடுவதை நிறுத்தச் சொல்லிக் கூட்டறிக்கை விட்டார். ஜான்சனுக்குக் கடுங்கோபம். அந்த வருடக் கடைசியில் பீகார் தவித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய அதிகாரிகளே வற்புறுத்தியும் கையெழுத்து தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

நெல்வயல்:
வியட்நாம் மட்டும் காரணம் இல்லை. விவசாயத்துக்கு அதிகப் பணம் ஒதுக்கு, உரத்துக்கு வழி செய் என்பதும் நிபந்தனை. 1965 நவம்பரில் ரோமில் நம்ம உணவு, வேளாண் அமைச்சர் சி.சுப்பிரமணியமும் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஃப்ரீமேனும் அதற்குத்தான் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். சி.எஸ். தானாகவே செய்ய நினைத்த வேலை அது, தில்லியில் எதிர்த்தவர்களைச் சமாளிக்க அந்த நெருக்கடி அவருக்கு உதவியது. மறு வருடமே மெக்சிகோவிலிருந்து அதிக விளைச்சல் தரும் கோதுமை விதை 18,000 டன் வந்தது. அழுத்தத்தால் எப்போதும் கெடுதல்தான் என்று நான் சொல்லமாட்டேன்.

சணல்மூட்டை:
கெடுதல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1974 பங்களாதேஷைப் பாருங்கள். கியூபாவுக்கு அவர்கள் விற்றது வெறும் சணல் சாக்கு. கியூபாவோடு வியாபாரம் செய்கிற நாட்டுக்கு பிஎல்-480 தானியம் கிடையாது என்று அமெரிக்கச் சட்டம் இருந்தது, அதைக் காட்டி உதவியை நிறுத்தினார்கள். டாக்கா பணிந்து அந்த ஏற்றுமதியைக் கைவிட்டது. அதற்குப் பிறகு தானியம் வந்து சேர்வதற்குள் பஞ்சத்தின் கொடிய மாதங்கள் கடந்துவிட்டன. வெள்ளம், கூலி வேலை இல்லாமை, பதுக்கல் எல்லாமே காரணம்தான். அந்த வருடம் நாட்டில் மொத்தத் தானியம் குறைவாக இல்லை என்று பஞ்சங்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென்னே காட்டியிருக்கிறார். ஆனால் விலை ஏறும்போது கஞ்சித்தொட்டி வைக்கவும் ரேஷனில் போடவும் அரசின் கையில் தானியம் இருக்கவேண்டுமே, அங்கேதான் அடி விழுந்தது. சாக்கு விற்றதற்காகப் பசித்தவனின் சோற்றை நிறுத்தியதை என்னால் எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியவில்லை.

திம்புசாலை:
அமெரிக்காவை மட்டும் சொல்லாதீர்கள். 2013 ஜூலையில் பூட்டானில் தேர்தலின் இறுதிச் சுற்று நெருங்கும்போது, சமையல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இந்தியா கொடுத்துவந்த மானியம் நின்றது, சிலிண்டர் விலை எகிறியது. அதற்கு முந்தைய வருடம்தான் அவர்களுடைய பிரதமர் சீனப் பிரதமரைச் சந்தித்திருந்தார். பூட்டானின் ஐந்தாண்டுத் திட்டக் காலம் முடிந்ததால் நின்றது என்று தில்லி சொன்னது. ஆளுங்கட்சி தோற்றது, புதிய அரசு வந்ததும் மானியமும் திரும்ப வந்தது.