முதல் ஆம்ப் மாடலர்: வீட்டில் மந்தம், ஆலயத்தில் கூச்சல் – குறை கருவியிலா, இணைப்பிலா?

கேள்வி (மார்த்தாண்டம்)

அண்ணன்மார்களுக்கு வணக்கம். எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். இதுவரை ஒரு சிறிய பயிற்சி ஆம்ப்பின் முன்னால் மைக் வைத்துச் சமாளித்து வந்தோம். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு முன்பாக டிஜிட்டல் ஆம்ப் மாடலர் (பல ஆம்ப்களின் ஒலியை டிஜிட்டல் முறையில் போலச் செய்யும் கருவி) ஒன்று வாங்க எண்ணி, நண்பரிடம் இரவல் பெற்ற கருவியைச் சோதித்து வருகிறேன். ஹெட்ஃபோனில் அருமையாகக் கேட்கிறது. அதையே வீட்டு ஆம்ப்பின் முன்புற இன்புட்டில் இணைத்தால், போர்வைக்குள்ளிருந்து வருவது போல ஒலி மந்தமாகிவிடுகிறது. ஆலய மிக்சரில் நேரடியாக இணைத்தாலோ டிஸ்டார்ஷன் காதைக் கீறுகிறது. அப்படியிருந்தும் கீபோர்டு சேர்ந்தவுடன் கிட்டார் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. மலிவான கருவி என்பதால்தான் இப்படியா? என் கையிருப்பு 15,000 ரூபாய். இன்னும் சேர்த்து வைத்து ஹீலிக்ஸ் போன்ற பெரிய கருவியாக வாங்கினால் இது தீருமா?

பதில் (நாகர்கோவில், ஒலியமைப்பாளர்)

தீராது தம்பி. பெரிய கருவியை இதே முறையில் இணைத்தாலும் இதே ஒலிதான் வரும்.

கிட்டார் ஆம்ப்பில் இருக்கும் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியைப் பெரும்பாலும் வெட்டிவிடும். மாடலருக்குள் இருக்கும் கேப் சிமுலேஷன் (சுருக்கமாக ‘கேப்’; ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் பகுதி) செய்வதும் அதே வேலைதான். அந்தப் பெட்டியின் ஒலித்தன்மையைப் பதிவு செய்த கோப்பை ஐஆர் என்பார்கள். வீட்டில் நீங்கள் கேப் சிமுலேஷனைக் கடந்து வந்த ஒலியை மறுபடியும் உண்மையான கிட்டார் ஸ்பீக்கர் வழியாக அனுப்புகிறீர்கள். இரண்டு முறை வெட்டுப்பட்டதால் மந்தமாகிறது. வீட்டு ஆம்ப்பில் எஃபெக்ட்ஸ் லூப் ரிட்டர்ன் (ஆம்ப்பின் டோன் பகுதியைத் தவிர்த்து நேரே பவர் பகுதிக்குப் போகும் ஜாக்) இருந்தால் அதில் இணைத்து, மாடலரில் கேப்பை மட்டும் அணைத்துவிடுங்கள். முன்புற இன்புட் மட்டுமே உள்ளதென்றால் ஆம்ப் மாடலையும் சேர்த்து அணைத்து, எஃபெக்டுகளை மட்டும் பயன்படுத்துவது நல்லது.

ஆலயத்தில் நிலைமை நேர் எதிரானது. அங்குள்ள பெட்டிகள் உச்ச ஒலிகளையும் விடாமல் ஒலிப்பவை என்பதால் கேப் கட்டாயம் இயங்க வேண்டும். ஆம்ப்புக்காகக் கேப்பை அணைத்து உங்கள் நண்பர் சேமித்து வைத்த ப்ரீசெட் (சேமித்த ஒலி அமைப்பு) எதையாவது அங்கு பயன்படுத்தினீர்களா என்று பாருங்கள். அவுட்புட் அமைப்பையும் பார்க்க வேண்டும். உதாரணமாக, பாஸ் ஜிடி-1 என்ற மாடலரில், கருவி எதனுடன் இணைக்கப்படுகிறது என்று சொல்லும் அவுட்புட் செலக்ட் அமைப்பு இருக்கிறது. மிக்சருக்கு அது லைன்/ஃபோன்ஸ் என்று இருக்க வேண்டும்.

கீபோர்டுக்குள் கிட்டார் காணாமல் போவதற்குக் காரணம் வேறு. குறைந்த ஒலியில் நம் காதுக்குத் தாழ்ந்த ஒலிகளும் உச்ச ஒலிகளும் குறைவாகவே எட்டும் என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள். ஹெட்ஃபோனில் மெதுவாகக் கேட்டுக்கொண்டே அமைக்கும்போது, அந்தக் குறையை ஈடுகட்ட நாம் பேஸையும் ட்ரெபிளையும் அறியாமலே ஏற்றிவிடுகிறோம். ஆராதனையின் ஒலியளவில் அவை இரண்டும் மிகையாகி, கிட்டாருக்கு உரிய நடுப்பகுதி அமுங்கிப் போகிறது. ஆகவே ப்ரீசெட்டை ஆலயத்திலேயே, கீபோர்டு வாசிக்கப்படும்போதே அமையுங்கள். கெயினை (டிஸ்டார்ஷனின் அளவை) குறைத்து, மிட்டை (நடுப்பகுதி ஒலியை) ஏற்றுங்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டிவிடுங்கள். ரிவர்பை அறவே அணைத்துத் தொடங்குங்கள். நம் மாவட்டத்தின் உயரமான பழைய ஆலயங்களில் கட்டடமே போதுமான எதிரொலியைத் தந்துவிடும்.

மார்த்தாண்டம்

மிக்க நன்றி அண்ணா. நீங்கள் சொன்னபடியே அந்தப் ப்ரீசெட்டில் கேப் அணைந்திருந்தது. இயக்கியதும் கீறல் நின்றுவிட்டது. இப்போது ‘உம்’ என்று ஒரு ஓசை மட்டும் கேட்கிறது. பாடகர் குழு பீடத்தருகே அமர்கிறது, மிக்சர் பின்வாசல் பக்கம் இருக்கிறது. இடையில் சாதாரண கிட்டார் கேபிளையே நீட்டியிருக்கிறோம்.

பதில் (நாகர்கோவில்)

முதலில் கிட்டாரின் வால்யூமை முழுவதும் குறைத்துப் பாருங்கள். ஓசை நின்றால் அது பிக்கப் (கம்பி அதிர்வை மின்குறியாக மாற்றும், கிட்டாரிலுள்ள காந்தப் பகுதி) உள்வாங்கும் ஓசை; நிற்கும் திசையை மாற்றி, பல்புகளையும் அடாப்டர்களையும் விட்டு விலகினால் குறையும். நிற்காவிட்டால் கேபிளோ எர்த்தோ காரணமாக இருக்கலாம். அவ்வளவு தொலைவுக்குச் சாதாரண கேபிள் ஏற்றதல்ல. மாடலருக்கு அருகிலேயே ஒரு டிஐ பாக்ஸை (ஒலிக்குறியை நீண்ட மைக் கேபிளுக்கு ஏற்றதாக மாற்றும் சிறு பெட்டி) வைத்து, அங்கிருந்து மைக் கேபிளில் அனுப்புங்கள். ஓசை பின்னும் தொடர்ந்தால் டிஐ பாக்ஸிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சை (ஒலி கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிப்பது) மாற்றிப் பாருங்கள். பிளக்கின் எர்த் முனையை உடைத்து ஓசையை நிறுத்தும் வழக்கம் சில மேடைகளில் இருக்கிறது; அது உயிருக்கே ஆபத்தானது, யார் சொன்னாலும் செய்யாதீர்கள். டிஐ பாக்ஸின் விலையையும் உங்கள் 15,000 ரூபாய்க்குள்ளேயே கணக்கிடுங்கள்.

பதில் (குளச்சல்)

வாங்குவதைப் பற்றி என் கருத்தையும் சொல்கிறேன். வெளியிலிருந்து ஐஆர் ஏற்றும் வசதி வேண்டும் என்று பலரும் வற்புறுத்துவார்கள். மூவர் ஜிஇ150 என்ற மாடலரில் அது உண்டு, பாஸ் ஜிடி-1இல் இல்லை. ஆனால் ஆராதனையில் க்ளீன், லேசான டிஸ்டார்ஷன், சொலோ ஆகிய மூன்று ஒலிகளே தேவைப்படும் ஒருவருக்கு, ஜிடி-1 நான்கு ஏஏ பேட்டரிகளில் இயங்கும் என்பது அதைவிடப் பெரிய வசதி என்று நினைக்கிறேன். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளும் பெய்யும் நம் ஊரில் பாட்டின் நடுவே கரண்ட் போனால், அடாப்டரில் மட்டும் இயங்கும் மாடலர் ஜெனரேட்டர் எடுத்த பிறகு மறுபடியும் தொடங்கும் வரை கிட்டாரிஸ்ட் சும்மா நிற்க வேண்டியிருக்கும்.

பழைய கருவி வாங்குவதென்றால் ஃபர்ம்வேரை (கருவிக்குள் இயங்கும் மென்பொருளின் பதிப்பை) பாருங்கள். 2018-இல் வந்த எச்எக்ஸ் ஸ்டாம்ப் என்ற சிறிய மாடலரில் முதலில் ஒரு ப்ரீசெட்டுக்கு 6 பிளாக்குகளே (ஆம்ப், எஃபெக்ட் போன்றவற்றை வைக்கும் இடங்கள்) இருந்தன; 2020-இல் வந்த 3.0 ஃபர்ம்வேர் அதை 8 ஆக்கியது. அடாப்டரையும் கேட்டு வாங்குங்கள், ஏனெனில் 9 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் எல்லாம் ஒன்றல்ல. ஸ்டாம்ப்புக்கு 3 ஆம்பியர் தேவை, சாதாரண பெடல் அடாப்டர் அதற்கு ஈடுகொடுக்காது. கடலோர வீடுகளில் ஜாக்குகள் சீக்கிரம் துருப்பிடிப்பதால், விற்பவர் முன்னிலையிலேயே எல்லா ஜாக்குகளிலும் கேபிளைச் செருகி அசைத்துப் பாருங்கள்.

மார்த்தாண்டம்

ப்ளூடூத் ஹெட்ஃபோன் ஒன்று வைத்திருக்கிறேன். வீட்டுப் பயிற்சிக்கு அது போதுமா?

பதில் (நாகர்கோவில்)

போதாது. மாடலரில் ஏற்படும் தாமதம் சில மில்லிசெகண்டுகள்தான். ஆம்ப்பிலிருந்து ஓரிரு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம் என்பதால் கைக்குத் தெரியாது. ப்ளூடூத்தில் தாமதம் பெரும்பாலும் 100 மில்லிசெகண்டைத் தாண்டிவிடுவதால் தாளம் நழுவும். வயருள்ள ஹெட்ஃபோனே வாங்குங்கள். கடைக்குப் போகும்போது உங்கள் சொந்தக் கிட்டாரைக் கொண்டுபோய், ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டுத் திருப்தியடையாமல், பவர்டு ஸ்பீக்கர் (உள்ளேயே ஆம்ப் கொண்ட ஸ்பீக்கர்) ஒன்றில் இணைத்து ஆராதனை ஒலியளவில் நீங்கள் வாசித்துப் பார்க்கச் சம்மதிக்கும் கடையிலேயே வாங்குங்கள்.