சமநிலை நன்றாக உள்ளவருக்கும் கடலில் ஏன் சத்தி வருகிறது?

நெடுந்தீவு மருமகள்:
திருமணமாகி நெடுந்தீவுக்கு வந்த நாள் முதல் இந்தச் சந்தேகம் எனக்கு உண்டு. ஈர வயல் வரம்பில் தண்ணீர்க் குடத்துடன் தடுமாறாமல் நடந்து வளர்ந்தவள் நான். இன்றும் ஒற்றைக் காலில் நின்றபடி மற்றக் காலுக்குச் செருப்பு மாட்டுவேன். ஆனால் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறிக் கால் மணி நேரம் கழிவதற்குள் வாயில் உமிழ்நீர் ஊறி, உள்ளங்கை வியர்த்து, ஓங்காளம் தொடங்கிவிடும். முழங்கால் நோவால் வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்து நடக்கும் என் மாமியோ, அதே படகில் வெற்றிலை போட்டுக் கதைத்தபடி வருகிறார். உடற்சமநிலைக்கும் பயணக் குமட்டலுக்கும் உண்மையில் தொடர்பு உண்டா?

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்:
தொடர்பு உண்டு, தங்கச்சி. ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் விதத்தில் அல்ல. உட்செவியில் தலை திரும்புவதை உணர மூன்று அரைவட்டக் கால்வாய்களும், சாய்வையும் நேர்கோட்டு அசைவையும் உணரக் கல்சியம் காபனேற்றுத் துகள்கள் படிந்த இரண்டு பைகளும் உள்ளன. படகின் அடித்தட்டில் நீங்கள் இருக்கையில் எதிரேயுள்ள பலகையும் உங்களோடு சேர்ந்தே ஆடுவதால் கண்ணுக்கு அசைவு தெரிவதில்லை. உட்செவியோ எழுந்து தாழ்வதை ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலை எழுப்புகிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். ஆகவே உங்கள் செவி பழுதில்லாமல் வேலை செய்வதாலேயே உங்களுக்குச் சத்தி வருகிறது. காது கேளாதோர் பலருக்குச் சுழற்றினாலும் தலைச்சுற்று வருவதில்லை என்று 1882இலேயே அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் எழுதினார். இரு செவியிலும் இந்தச் சமநிலை உறுப்புச் செயலிழந்தவர்களைக் கடற்குமட்டல் தீண்டுவதில்லை. உங்கள் மாமியின் தடுமாற்றம் முழங்காலில் உள்ளது. கடலோ அவருக்குப் பழகியது.

குருநகர் கடலோடி:
ஆசிரியர் ஐயாவை மறுக்கவில்லை, ஆனால் நிற்கும் கால்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் காலத்தில் பக்கவாட்டில் அறையும் சிற்றலை ஆளை நனைக்குமே தவிரச் சத்தியை வரவழைப்பதில்லை. மெல்லத் தூக்கி மெல்ல இறக்கும் நீண்ட அலைதான் புதியவரை வீழ்த்தும். அப்போது முழங்காலை விறைப்பாக வைத்து நிற்பவர்களே முதலில் விளிம்பைத் தேடுவதைக் கண்டிருக்கிறேன். சில நாள் கடலில் இருந்துவிட்டுக் கிணற்றடியில் கண்ணை மூடிச் சவர்க்காரம் போட்டால், எனக்கு இப்போதும் தரை ஆடும்.

இயன்மருத்துவ மாணவி:
அண்ணை சொன்ன நீண்ட அலை ஆய்விலும் உண்டு: ஏறத்தாழ ஐந்து விநாடிக்கு ஒருமுறை எழுந்து தாழும் அசைவே மிக அதிகமாகக் குமட்டச் செய்கிறது. கால்களைப் பற்றிய கருத்தை 1991இல் ரிச்சியோ, ஸ்டொஃப்ரெகன் ஆகிய இரு ஆய்வாளர்களும் ஒரு கோட்பாடாகவே முன்வைத்தனர். புதிய அசைவில் உடலை நிலைநிறுத்தும் வழி இன்னும் கைவராமல் நீண்ட நேரம் தடுமாறுவதே குமட்டலுக்குக் காரணம் என்பதும், தடுமாற்றம் முந்திக் குமட்டல் பிந்தும் என்பதும் அவர்கள் வாதம். படுத்திருப்பவருக்கும் சத்தி வருவதால் இதை நான் முழுமையாக ஏற்கவில்லை. எனினும் வரம்பு உங்களுக்குப் பழக்கியது அசையாத தரையை மட்டுமே. இடமும் அனுமதியும் இருந்தால் படகின் நடுப்பகுதியில் கைபிடியைப் பற்றி, காலை அகட்டி, முழங்காலைத் தளர்த்தி, தொடுவானத்தைப் பார்த்து நில்லுங்கள். இல்லாவிட்டால் கண்ணை மூடிச் சாய்ந்திருங்கள். மாத்திரை எடுப்பதானால் ஏறுவதற்கு முன்பே எடுக்க வேண்டும், நித்திரை தூக்கும்.

நெடுந்தீவு மருமகள்:
மாமியிடம் விசாரித்தேன், மணமாகி வந்த முதல் வருடம் அவரும் ஒவ்வொரு பயணத்திலும் சத்தி எடுத்தவராம், இத்தனை நாளும் சொல்லவில்லை. நேற்று மேலே நின்றே வந்தேன், சத்தி வரவில்லை. பைக்குள் சில்லறை தேடக் குனிந்தபோது மட்டும் ஓங்காளம் எட்டிப் பார்த்தது. நிமிர்ந்து இறங்குதுறையைப் பார்த்துக்கொண்டு நிற்க, மெல்ல அடங்கியது.